கண்ணாடியால் தீராத பார்வைக் குறை
முதியோரின் விழித்திரையும் நம் வகுப்பறையும்

பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), அரசுப் பள்ளி, மேட்டுப்பாளையம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடத்தின் பிற்பகுதி மனிதக் கண்ணைப் பற்றியது. கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு, நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்துக்கும் ஒரு லென்சு என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு தீர்வு சொல்லிக் கதிர்ப்படம் வரைந்து நடத்துகிறோம். மாணவர்களும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கிறார்: “டீச்சர், எங்க அப்பத்தா கண்ணாடி மாத்தியும் சரியாத் தெரியலைங்கறாங்களே, அது எந்தக் குறைபாடு?”

இந்தக் கேள்விக்கு அந்தப் பாடத்தில் விடை இல்லை. பாடத்தில் வருவன எல்லாம் ஒளியை வளைக்கும் உறுப்புகளின் குறைகள். ஒளி போய்ச் சேரும் இடமான விழித்திரையே பழுதானால் எந்த லென்சும் அதைச் சரிசெய்யாது. வயது கூடக்கூட அந்தப் பழுதுக்கு வாய்ப்பும் கூடுகிறது. அதைத் தூண்டும் காரணங்களோ அதே பாடநூலின் ‘உடல் நலம் மற்றும் நோய்கள்’ பாடத்தில் இருக்கின்றன: புகை, நீரிழிவு, இரத்த அழுத்தம். இரண்டு பாடங்களையும் இணைத்து நடத்தினால் மாணவரின் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரின் பார்வை காப்பாற்றப்படலாம். அப்படி நடத்துவதற்குத் தேவையான செய்திகளையும், என் வகுப்பில் செய்துவரும் செயல்பாடுகளையும் இங்கே பகிர்கிறேன்.

விழித்திரையின் நடுவில் ஒரு சிறு வட்டம்

விழித்திரை, கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். இதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்தில் உதவுகின்றன. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள்.

படலத்தின் நடுவில் சுமார் 5.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பகுதிக்கு மாகுலா என்று பெயர். மஞ்சள் நிறமிகள் இருப்பதால் மஞ்சள் புள்ளி என்றும் சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது, பேருந்தின் தடம் எண்ணைப் பார்ப்பது எல்லாம் இந்தச் சிறு வட்டத்தின் வேலை. சுற்றியுள்ள பெரும்பரப்பு நமக்குப் பக்கப் பார்வையைத் தருகிறது.

26.12.2019 அன்று வளையச் சூரிய கிரகணம் நம் கோவைப் பகுதியில் தெரிந்தது நினைவிருக்கும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அன்று மாணவர்களைத் திரும்பத் திரும்ப எச்சரித்தோம். நேராகப் பார்க்கும் எதன் பிம்பமும் மாகுலாவில்தான் விழும். சூரியனைப் பார்த்தால் விழிலென்சு அதன் ஒளியை அந்த வட்டத்திலேயே குவித்துவிடும். குவிலென்சால் காகிதத்தைக் கருக வைத்த மாணவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வயதாகும்போது நடப்பது என்ன?

குச்சி, கூம்பு செல்கள் தம் நுனிப்பகுதியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது அவற்றுக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலம். வாழ்நாள் முழுவதும் ஓயாமல் நடக்கும் இந்தத் துப்புரவு வேலை முதுமையில் தளர்கிறது. தூர் வாராத வாய்க்காலில் வண்டல் படிவதுபோல், நிறமிப் படலத்துக்கு அடியில் மஞ்சள் நிறத் திட்டுகள் படிகின்றன. இவற்றை ட்ரூசன் என்கிறார்கள். சிறிய திட்டுகள் ஒன்றிரண்டு இருப்பது முதுமையில் இயல்பு. அவை பெரிதாகிப் பெருகினால் வயது சார்ந்த மாகுலா சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த நோயில் இரண்டு வகை உண்டு. உலர் வகையில் செல்கள் மெல்ல மெல்ல, ஆண்டுக் கணக்கில் நலிகின்றன. நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வகையினர். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் முறையற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்து, அவற்றிலிருந்து நீரும் இரத்தமும் கசிகின்றன. பத்தில் ஒருவர், ஒன்றரைப் பேர் அளவுக்கே இது வந்தாலும், கடுமையான பார்வை இழப்பு பெரும்பாலும் இதனால்தான் ஏற்படுகிறது. சில வாரங்களிலேயே பார்வை வெகுவாகக் குறைந்துவிடலாம். நல்ல செய்தி என்னவென்றால், 2006 வாக்கில் தொடங்கி, புதுக் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் தழும்பு விழுவதற்கு முன்பே ஊசி போட்டாக வேண்டும்.

மாகுலா சிதைவு தவிர, நீரிழிவால் விழித்திரைக் குழாய்கள் பழுதாவது, உயர் இரத்த அழுத்தத்தால் விழித்திரைச் சிரையில் அடைப்பு ஏற்படுவது, கண்ணுக்குள் உள்ள கூழ் சுருங்கி இழுப்பதால் விழித்திரை கிழிவது ஆகியவையும் நடுவயதுக்குப் பின் அதிகம் காணப்படுகின்றன.

ஏன் தெரியாமலே போகிறது?

“வயசாச்சுங்க, கண்ணு அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் கண்புரை என்று நினைத்து, “முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவார்கள். கண்புரையில் படம் முழுவதும் பனி மூடியதுபோல் மங்கும். மாகுலா சிதைவில் ஓரங்கள் தெளிவாக இருக்க, நடு மட்டும் கலையும். அதனால்தான் வாசல்படியில் இடிக்காமல் நடமாடும் பாட்டிக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரிவதில்லை. “பார்த்துட்டும் பேசாமப் போறாங்க” என்று பக்கத்து வீட்டாரின் கோபத்துக்கும் ஆளாகிவிடுகிறார்.

இதைவிடப் பெரிய காரணம், நமக்குக் கண்கள் இரண்டு என்பது. ஒன்றில் பார்வை குறைந்தால் மற்றொன்று ஈடுகொடுக்கிறது. மூளையும் விடுபட்ட இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிக்கொள்கிறது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழக்கம் நம்மில் யாருக்கும் இல்லாததால், இரண்டாவது கண்ணும் பழுதான பிறகே பலருக்கு விவரம் தெரியவருகிறது.

மாற்ற முடியாத காரணிகள்

முதலாவது வயது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 60 வயதைக் கடந்தவர்களிடம் வட, தென்னிந்தியாவில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. முற்றிய நிலை மாகுலா சிதைவு நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாக இருந்தது. வயது ஏற ஏற விகிதமும் ஏறியது. நூற்றுக்கு ஒருவர் என்பது சிறியதாகத் தோன்றும். முதியோர் எண்ணிக்கை பெருகிவரும் நம் நாட்டில் அது பல லட்சம் பேர்.

இரண்டாவது மரபு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். நோய் எதிர்ப்பு அமைப்போடு தொடர்புடைய ஒரு ஜீனில் உள்ள மாறுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2005இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. மரபியல் பாடம் நடத்தும்போது, நோய் மரபாக வருவதற்கும் நோய்க்கான வாய்ப்பு மரபாக வருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

மாற்றக்கூடிய காரணிகள்

*புகை.* மாற்றக்கூடியவற்றில் மிக உறுதியான சான்று உள்ளது இதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே நம் நீலகிரியின் பெயரையே ஆங்கிலத்தில் கொண்ட ஒரு மலைப்பகுதி உண்டு. அங்கே 49 வயதுக்கு மேற்பட்ட 3,654 பேரை 1992 முதல் 1994 வரை பரிசோதித்து, பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். முற்றிய மாகுலா சிதைவு வந்தபோது, புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களின் சராசரி வயது 67, விட்டவர்களுக்கு 73, ஒருபோதும் புகைக்காதவர்களுக்கு 77. ஏறத்தாழ பத்து ஆண்டுப் பார்வையைப் பீடியும் சிகரெட்டும் எடுத்துக்கொள்கின்றன. விட்டால் அதில் ஒரு பகுதியை மீட்கலாம். இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே பட்டை வரைபடம் போடச் சொல்கிறேன். நம் ஊர் உருளைக்கிழங்கு மண்டிகளில் மூட்டை தூக்கும் தந்தையரின் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. ‘நுரையீரல் கெடும்’ என்ற பழகிப்போன எச்சரிக்கையை விட ‘கண் போகும்’ என்பது அவர்கள் வீட்டில் அதிகம் காதில் விழுகிறது.

*நீரிழிவு.* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. சென்னையில் நீரிழிவாளர்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் (2005, 2009) ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன: நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு. தொடக்க நிலையில் இதற்கு எந்த அறிகுறியும் இராது. எனவே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவுடன் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், பார்வை நன்றாக இருந்தாலும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக என்ற இரண்டும்தான் பாதிப்பைத் தீர்மானிக்கின்றன.

*இரத்த அழுத்தம்.* விழித்திரைச் சிரை அடைப்புக்கு இது முதன்மைக் காரணம். நீரிழிவோடு சேர்ந்தால் பாதிப்பு விரைவாகும். 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவது கண்ணுக்கும் மருந்து என்பதைப் பேரப்பிள்ளைகள் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

*உணவு.* மாகுலாவின் மஞ்சள் நிறமிகளான லூட்டீனையும் சியாசாந்தினையும் உடல் தானே தயாரிப்பதில்லை. உணவிலிருந்துதான் பெற வேண்டும். கரும்பச்சைக் கீரைகள், மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் அவை உள்ளன. இத்தகைய நிறமிகளை உணவில் மிக அதிகமாகச் சேர்த்தவர்களுக்கு, மிகக் குறைவாகச் சேர்த்தவர்களை விட முற்றிய நோய் 43 சதவீதம் குறைவாக இருந்ததாக 1994இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. இங்கே ஒரு விளக்கமும் தேவை. கீரை சாப்பிடுபவர் புகைக்காதவராகவும் நடைப்பயிற்சி செய்பவராகவும் இருக்கலாம் அல்லவா? இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு என்பதை மேல்வகுப்பு மாணவருக்கு உணர்த்த இந்த எடுத்துக்காட்டு உதவும்.

நம் பகுதியில் கீரைக்குப் பஞ்சமில்லை. காரமடைப் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கறிவேப்பிலை விளைகிறது. முருங்கை வீட்டுக்கு வீடு நிற்கிறது. சத்துணவில் மாணவருக்கு முட்டை கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவரின் தட்டில்தான் சோறும் குழம்பும் மட்டும். மேலே சொன்ன 60 வயதைக் கடந்தோர் ஆய்விலேயே, தென்னிந்தியப் பகுதியில் நூற்றுக்கு 46 பேருக்கு இரத்தத்தில் வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. பல் போன பிறகு கொய்யாவையும் நெல்லியையும் யார் நறுக்கித் தருகிறார்கள்?

இதைச் சொல்லும்போதே மாத்திரை பற்றியும் எச்சரிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஆய்வில் (2001), குறிப்பிட்ட அளவு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரை, நோய் இடைநிலையில் இருந்தவர்களுக்கு முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஐந்தாண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைத்தது. நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுத்ததாக அது காட்டவில்லை. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டியது தெரிந்ததால், 2013இல் முடிந்த அடுத்த ஆய்வுக்குப் பின் அதற்குப் பதில் லூட்டீனும் சியாசாந்தினும் சேர்க்கப்பட்டன. ஆகவே கீரையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மாத்திரையை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நம் மாணவர்களிடமே தொடங்கும் ஒரு காரணி

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி, “செல்போன் வெளிச்சத்துல கண்ணு கெட்டுப்போகுமாங்க?” என்பது. திரையின் ஒளி மாகுலாவைச் சிதைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நெருங்கிப் பார்க்கும் வேலை அதிகமாகி, வெளியில் விளையாடும் நேரம் குறைந்தால் கிட்டப்பார்வைக்கு வாய்ப்பு கூடுகிறது. அது -6 டையாப்டரைத் தாண்டும் அளவுக்கு முற்றினால் கண்கோளம் நீண்டு விழித்திரை இழுபட்டு மெலிகிறது. நடுவயதில் விழித்திரை கிழிவதற்கும் மாகுலா பழுதாவதற்கும் இது ஒரு காரணி. கண்ணாடி போட்டால் பார்வை தெளியும். மெலிந்த திரை தடிமனாகாது.

சீனாவின் குவாங்சூ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் (2015இல் வெளியானது) அங்கே 30.4 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். நாற்பது நிமிடம் என்பது ஏறக்குறைய நம் ஒரு பாடவேளை. பாடம் முடியவில்லை என்று உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்குவதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

*1. காணாமல் போகும் புள்ளி (4 முதல் 8ஆம் வகுப்பு வரை).* வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து வலப்பக்கமாக 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளியும் வரையச் சொல்லுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்கள் இல்லாததே காரணம். வகுப்பில் ஆரவாரம் அடங்கியதும் கேளுங்கள்: “புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்ததா, வெள்ளைத் தாள் தெரிந்ததா?” எல்லாரும் வெள்ளைத் தாள் என்பார்கள். “அப்படியானால் கண்ணில் ஒரு பகுதி பார்க்காமல் போனாலும் நமக்குத் தெரியாது, இல்லையா?” மூளை நிரப்பிக்கொள்வதைப் பற்றி நீண்ட விளக்கம் தருவதற்குப் பதில் இந்த ஒரு கேள்வி போதும்.

*2. கட்டத் தாள் (9, 10ஆம் வகுப்பு).* சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் 1940களில் வகுத்த எளிய சோதனை இது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து, 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டால் 400 கட்டங்கள் கிடைக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் அளவுகோலால் மாணவர்களே வரைந்துவிடுவார்கள்.

பயன்படுத்தும் முறை: நல்ல வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடி இருந்தால் அதை அணிந்துகொண்டு, தாளை 30 செ.மீ. தொலைவில் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். பிறகு நான்கு கேள்விகள்:

– புள்ளி தெரிகிறதா?
– பார்வையைப் புள்ளியிலிருந்து எடுக்காமலே நான்கு மூலைகளும் தெரிகின்றனவா?
– கோடுகள் எல்லாம் நேராக இருக்கின்றனவா, எங்காவது வளைகின்றனவா?
– எங்காவது கட்டங்கள் மங்கலாகவோ விடுபட்டோ தெரிகின்றனவா?

அடுத்த கண்ணுக்கும் இதையே செய்ய வேண்டும். எந்த மாற்றம் தெரிந்தாலும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதில் கணிதமும் இருக்கிறது. 30 செ.மீ. தொலைவில் 5 மி.மீ. கட்டம் கண்ணில் தாங்கும் கோணம் எவ்வளவு? tan மதிப்பு 0.5/30, அதாவது 0.0167, கோணம் ஏறத்தாழ 1 பாகை. எனவே முழுச் சதுரமும் சுமார் 20 பாகை. விழித்திரையில் 1 பாகை என்பது ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளம். அப்படியானால் சதுரத்தின் பிம்பம் சுமார் 6 மி.மீ.; மாகுலாவின் விட்டமோ 5.5 மி.மீ.! ஆம்ஸ்லர் ஏன் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதல் செயல்பாட்டில் கண்ட குருட்டுப் புள்ளி, மையத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை தள்ளி இருப்பதால் கட்டத்துக்குள் வராது. ஆகவே கட்டத்தில் தெரியும் குறை எதையும் ‘எல்லாருக்கும் இருப்பதுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இது நேரான பதில்.

ஓர் ஆண்டு இந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி தன் அப்பத்தா பார்த்த தாளைக் கொண்டுவந்தாள். வலக்கண்ணுக்கு எல்லாம் சரி. இடக்கண்ணுக்கு நடுவில் உள்ள கோடுகள் “வரப்பு மாதிரி வளைஞ்சு போகுது” என்று சொல்லியிருக்கிறார். பேத்தி அந்த வளைவைப் பென்சிலால் வரைந்திருந்தாள். அந்த அம்மா பாக்கு உரிக்கும் வேலைக்குப் போகிறவர். கைப்பழக்கத்தில் வேலை ஓடியதாலும் இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்ததாலும் அதுவரை எதுவும் தெரியவில்லை. அவர் மகனைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசினேன். அந்த வாரமே கோவையில் விழித்திரைப் பரிசோதனை நடந்தது. ஈர வகை என்று கண்டு ஊசி தொடங்கினார்கள். இடக்கண்ணில் வளைவு முழுவதும் நீங்கவில்லை. ஆனால் மேலும் பரவாமல் நின்றது. இப்போது வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை பேத்தி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வலக்கண்ணையும் சேர்த்துச் சோதித்துவிடுகிறாள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கட்டத் தாள் நோயைக் கண்டறியும் கருவி ஆகாது. மருத்துவரிடம் போகத் தூண்டும் மணி என்று சொல்லலாம். கோடுகள் நேராகத் தெரிந்தாலும் தொடக்க நிலை மாகுலா சிதைவும் நீரிழிவு விழித்திரை பாதிப்பும் இருக்கக்கூடும். எனவே 50 வயதைக் கடந்தோர், நீரிழிவு உள்ளோர், குடும்பத்தில் இந்த நோய் உள்ளோர் ஆகியோர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சில அறிகுறிகள் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது, கொசுக்கூட்டம் பறப்பதுபோல் கரும்புள்ளிகள் குவிவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, வலியே இல்லாமல் ஒரு கண் பார்வை சட்டென மங்குவது.

மாணவர்களிடம், “உங்கள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை? யார் பீடி பிடிக்கிறார்?” என்று வகுப்பில் எல்லார் முன்னும் கேட்க வேண்டாம். தாளை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்து, சொல்ல விரும்புபவர் தனியாக வந்து சொல்லட்டும். தாத்தா பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் செய்து காட்டலாம்.

சிகிச்சைக்கு நம் மாவட்டத்தில் வழி உண்டு. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1997 முதல் கோவையில் கிளை இருக்கிறது. சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையும், நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவும் உள்ளன. ஊர்ப்புறங்களில் நடக்கும் கண் சிகிச்சை முகாம்களின் தேதியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது சிறு வேலைதான். அதைப் படித்துச் சொல்ல வீட்டுக்கு ஒரு மாணவர் இருக்கிறார்.

நமக்கும் ஒரு கட்டத் தாள்

ஆசிரியர்களில் என்னைப் போல் நாற்பதைக் கடந்தவர்கள் பலர். விடைத்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கத் தொடங்கியதும் கடையில் ஒரு கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். எழுத்து தெளிந்துவிடுவதால் கண் நலமாக இருப்பதாக முடிவு செய்துவிடுகிறோம். வெள்ளெழுத்துக்காக முதல் கண்ணாடி வாங்கும் அந்த வயதே விழித்திரையையும் ஒருமுறை பார்த்துவிட ஏற்ற வயது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அதனால் விடுமுறை நாளில், துணைக்கு ஒருவரோடு போவது நல்லது. சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் காலாண்டு விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிவிடலாம்.

ஒளியியல் பாடம் நடத்தும் வாரத்தில் ஆசிரியர் அறையிலும் ஒரு கட்டத் தாளை ஒட்டி வையுங்கள். ஒரு நிமிட வேலை: முதலில் வலக்கண், பிறகு இடக்கண்.